தில்லை மரங்கள் வாழும் பிச்சாவரம்

சிதம்பரத்தில் ஆடல்வல்லானைத் தரிசித்துத் திரும்பும் அன்பர்களுள் பலர், தலவிருட்சமாகிய தில்லை மரத்தைக் காட்டில் நின்ற கோலத்தில் கண்டதில்லை. தில்லை, பெரும்பற்றப்புலியூர், சிதம்பரம் எனப் பல திருநாமங்கள் கொண்ட இத்தலத்துக்குத் தில்லை என்னும் பெயரைத் தந்தது அம்மரமே. வண்டு தீண்டுமுன் மலர் பறித்து அருச்சிக்க விரும்பிப் புலிக்கால் வேண்டிப் பெற்ற வியாக்கிரபாத முனிவரும், பதஞ்சலி முனிவரும் ஆனந்தத் தாண்டவம் கண்டது தில்லைவனத்தில் என்பது தலபுராணம். இன்று திருக்கோயிலைச் சுற்றி நகரம் பரந்துள்ளது. தில்லை மரங்களை அவற்றுக்குரிய காட்டிலேயே காண விழைவோர், கிழக்கே சுமார் 15 கி.மீ. தொலைவிலுள்ள பிச்சாவரத்துக்குச் செல்ல வேண்டும்.

வெள்ளாறும் கொள்ளிடமும் கடலோடு கலக்கும் இடங்களுக்கு நடுவே, ஆயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பில் விரிந்து கிடக்கிறது இந்த அலையாத்திக் காடு. அகன்ற கால்வாய்களிலிருந்து விலகிக் குறுகிய ஓடைகளுக்குள் துடுப்புப் படகு நுழையும்போது, இருபுறத்து மரங்களும் தலைக்குமேல் பந்தலிடுகின்றன. சுரபுன்னை தன் வேர்களை விழுதுகள்போல் சேற்றில் ஊன்றி நிற்கிறது. அதன் விதை, தாய்மரத்திலேயே முளைவிட்டு நீண்டு, பின்னரே சேற்றில் விழுகிறது. சற்று மேடான கரைகளில் தில்லை மரங்களைக் காணலாம். உதிருமுன் அவற்றின் இலைகள் செந்நிறம் கொள்கின்றன. இலையையோ கிளையையோ ஒடித்தால் வெண்பால் வடியும். அப்பால் தோலைப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஊறு செய்யும். ஆதலால் இத்தலவிருட்சத்தைக் கண்ணால் தரிசித்தலே முறை. கையால் தீண்டுதல் ஆகாது.

இக்காடும் அழிவை அறிந்ததே. முற்காலத்தில் கூறு கூறாக மரங்கள் வெட்டப்பட்ட இடங்களில் நிலம் தாழ்ந்து, உவர்நீர் தேங்கி, மறுபடி மரம் முளைக்காமற் போயிற்று. 1990களில் வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர்மக்களின் துணையோடு வாய்க்கால்கள் வெட்டி, ஓதநீர் வந்து திரும்ப வழி செய்தன. நட்ட கன்றுகள் தழைத்தன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது, கடலை நேரே நோக்கிய குப்பங்கள் பேரிழப்புற்றன. இக்காட்டின் பின்னே இருந்த சிற்றூர்களில் சேதம் குறைந்தது. மரம் காத்த மக்களை மரம் காத்தது. 2022ஆம் ஆண்டு பிச்சாவரம் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

அருகிலுள்ள கிள்ளைக் கடற்கரைக்கு மாசிமகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்கிறார். அங்கு இஸ்லாமியப் பெருமக்களும் பெருமாளுக்கு மரியாதை செய்து வரவேற்பது வழிவழி வந்த வழக்கம்.

முதியோர் வெயில் ஏறுமுன் காலையிலேயே படகேறுதல் நலம். குடிநீரும் குடையும் உடன் இருக்கட்டும். நெகிழிப்பை ஒன்றையும் ஓடையில் விடாமல் திரும்புவது, கோயில் பிராகாரத்தைத் தூய்மையாக வைப்பதற்கு ஒப்பான திருப்பணி. தில்லை என்னும் திருநாமம் பெயரளவில் நில்லாமல், உயிருள்ள மரமாய் அடுத்த தலைமுறைக்கும் நிலைத்திருக்க அதுவே வழி.