மூடி போட்ட கிண்ணம் வாங்கப் போனோம்

சூடான காப்பி டம்ளரை நாம் எங்கே பிடிக்கிறோம்? மேலே, விரிஞ்ச விளிம்பில். உடம்பு சுடும், விளிம்பு அவ்வளவா சுடாது. சீனர்கள் தேநீர் போடும் மூடிக் கிண்ணத்துக்கும் இதே கணக்குதான். அதற்குப் பெயர் கைவான். (கை என்றால் அவர்கள் மொழியில் மூடியாம், நாங்க நம்ம கைன்னு நினைச்சோம்!) மூடி வானம், கீழே தட்டு பூமி, நடுவில் கிண்ணம் மனிதன் என்று சொல்வார்கள்.

இது எங்களுக்கு ஏன் தேவைப்பட்டது என்றால், வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் குவான் இம் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது உங்களுக்குத் தெரியும். அங்கே கும்பிட்ட சீனர்கள் இங்கேயும் வந்து ஊதுவத்தியோடு நிற்பார்கள். அப்படிப் பழகிய ஓர் அங்கிள், எண்பது தாண்டியவர். வீடு மாறும்போது அவருடைய பழைய கிண்ணம் உடைஞ்சு போச்சு. மனைவி இருந்த காலத்தில் வாங்கியது. அதுக்கப்புறம் மக்கில் இலையைப் போட்டு, அது ஊறிக் கசந்து, பாதியைக் கொட்டிவிடுகிறார். விரலிலும் இப்போ பிடி இல்லை. தொண்டூழியர்கள் நாங்க அஞ்சு பேர் சேர்ந்து வாங்கிக் கொடுப்போம்னு முடிவு பண்ணோம்.

கடையில் தம்பி ஒருத்தர் டிராகன் படம், தங்க விளிம்பு போட்ட பெரிய கிண்ணத்தை எடுத்தார். பார்க்க அழகுதான். தண்ணி ஊத்தினா ஒரு கையால் தூக்க முடியாது. கட்டைவிரலும் நடுவிரலும் விளிம்பில், ஆள்காட்டி விரல் மூடியின் குமிழில், அப்படியே சாய்த்து ஊற்றணும். அதனால் 100, 120 மில்லி போதும்.

தொழிற்சாலையில் பொருளைச் சோதிச்சுப் பழகிய கை சும்மா இருக்குமா? மண்பானை வாங்குற மாதிரி சுண்டிப் பார்த்தோம். கணீர்னு கேட்கணும், மந்தமா கேட்டா கீறல் இருக்கும். மூடி விளிம்புக்கு உள்ளே உட்காரணும், சுற்றிப் பார்த்தா எங்கேயும் தட்டக்கூடாது. கொஞ்சம் சாய்ச்சு வைத்தால் தண்ணி வர இடைவெளி, இலை நிற்க தடுப்பு, ரெண்டும் கிடைக்கணும். வெள்ளைப் பீங்கான் நல்லது. களிமண் குடுவை மாதிரி வாசனையை உறிஞ்சாது, தேநீரின் நிறமும் தெரியும்.

ஆனா கடைசியில் தேர்ந்தெடுத்தது நாங்க இல்லை, மாலை கட்டும் அக்கா. மூட்டுவலியில் அவங்க விரல் கோணியிருக்கும். கடைக்காரரிடம் கேட்டு, ஒவ்வொன்றிலும் வெந்நீர் ஊற்றி அவங்க கையில் கொடுத்தோம். நேரான விளிம்பு உள்ளது ரெண்டும் சுட்டுது, உடனே வெச்சுட்டாங்க. நல்லா விரிஞ்ச விளிம்பு, உயரமான குமிழ் உள்ளதைத்தான் மூணு தடவை சிந்தாமல் ஊற்றினாங்க. படம் கிடையாது, வெறும் வெள்ளை. அதையே எடுத்தோம்.

வெறும் பாத்திரம் கொடுக்கிற பழக்கம் நமக்கு இல்லையே. மாரியம்மன் கோயில் பக்கம், மாஸ்க் ஸ்திரீட்டில், 1925ல் தொடங்கிய பெக் சின் சூன் தேயிலைக் கடை இருக்கு. தியே குவான் யின் ஒரு பொட்டலம் வாங்கி உள்ளே வெச்சோம். பேரில் இருப்பது அதே குவான் இம் அம்மன்தான். சிவப்புக் காகிதம் சுற்றினோம். (கடிகாரம் மட்டும் சீனர்களுக்குப் பரிசா கொடுத்துடாதீங்க, சாவுக்குச் சமம்னு நினைப்பாங்க.)

வீட்டில் போட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு: இலை 5 கிராம், கொதிச்ச தண்ணி விளிம்பு விரியும் இடத்துக்குக் கீழே வரைக்கும். அதுக்கு மேல ஊத்தினா விரல் வெந்துடும். முதல் தண்ணியைக் கொட்டிடுங்க. அடுத்தது 15, 20 நொடியில் வடிச்சிடணும். அதே இலையில் அஞ்சாறு தடவை வரும். சீனி, பால் கேட்காதீங்க. நம்ம தம்பி கேட்டுட்டார், அங்கிள் இன்னும் சிரிச்சுக்கிட்டு இருக்கார்.