லோதித் தோட்டத்தில் காணும் பொங்கல்

காணும் பொங்கலன்று கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கோ கடற்கரைக்கோ உற்றார் உறவினருடன் செல்வது நம் நாட்டு வழக்கம். காவிரிக்கும் கடலுக்கும் நெடுந்தொலைவில், தலைநகராம் தில்லியில் வாழும் நாம் அவ்வழக்கத்தைக் கைவிட வேண்டுவதில்லை. தை பிறந்தபின் வரும் ஞாயிற்றுக்கிழமையன்று லோதித் தோட்டத்துப் புல்வெளியே நமக்குக் காவிரிக்கரை ஆகலாம்.

ஏறத்தாழ 90 ஏக்கர் பரப்புள்ள இத்தோட்டத்திற்கு நுழைவுக் கட்டணம் இல்லை. சையது மரபினனாகிய முகம்மது ஷாவின் எண்கோணக் கல்லறையும், 1517-இல் மறைந்த சிக்கந்தர் லோதியின் கல்லறையும், அக்பர் காலத்து ஆட்புலா என்னும் பாலமும் இங்கு உள்ளன. இவற்றைச் சூழ்ந்து கைர்பூர் என்னும் சிற்றூர் ஒன்று இருந்தது. அவ்வூராரை வேறிடத்திற்கு அனுப்பிவிட்டு, 1936-இல் லேடி வில்லிங்டன் பூங்கா என்னும் பெயரால் இதனை அமைத்தனர். விடுதலைக்குப் பின்னரே இப்போதைய பெயர் வந்தது.

ஊரை இழந்தோர் நம்மவரிலும் உளர். ஜங்புராவில் பாராபுலா வாய்க்காலோரம் பல்லாண்டுகளாக இருந்த மதராஸி கேம்ப் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. அங்கிருந்த சுமார் 370 குடும்பங்களுள் தகுதியுடையன எனக் கருதப்பட்டவற்றிற்கு மட்டும் நகரின் வடகோடியான நரேலாவில் வீடு ஒதுக்கினர். அக்கம்பக்கத்து வீடுகளில் வேலை செய்து பிழைத்த பெண்டிர் பலர் பிழைப்பிடத்தினின்றும் பிரிந்தனர். மண்டபத்தில் நாம் நடத்தும் விழாவிற்கு அழைப்பிதழும் நன்கொடைச் சீட்டும் பட்டுப்புடவையும் வேண்டியிருக்கின்றன. அத்தகையோர் அங்கு வரக் கூசுகின்றனர். புல்வெளிக்கு வாயிற்படி இல்லை.

எனினும், திறந்த வெளியில் கூடினால் மட்டும் எல்லோரும் வந்துவிடுவர் என எண்ணலாகாது. அதற்குச் சில ஏற்பாடுகள் வேண்டும். முதலாவதாக, பூங்கா அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டு இசைவு பெறுக. இடத்தைக் கோலூன்றி நடக்கும் பாட்டியார் தேர்ந்தெடுக்கட்டும். சக்கர நாற்காலி வரக்கூடிய பாதையும், குடிநீரும், கழிப்பிடமும் அருகில் இருத்தல் நன்று. தை மாதத்துக் காலையில் மூடுபனி மிகுதி. ஆதலின் பதினொரு மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்கு முடித்தால், நரேலா செல்வோரும் பொழுது சாயுமுன் வீடு சேர்வர்.

அடுப்பும் ஒலிபெருக்கியும் வேண்டா. புளியோதரையும் தயிர்ச்சோறும் அருகில் வாழ்வோர் கொணர்ந்தால் போதும். தொலைவிலிருந்து வருவோர் வெறுங்கையுடன் வரட்டும். வேலை கொடுப்பவரும் வேலை செய்பவரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணல் வேண்டும். பரிமாறும் பொறுப்பை இளைஞர் ஏற்கட்டும். விளையாட்டுகளைத் தமிழிலும் இந்தியிலும் அறிவித்தால், வேடிக்கை பார்க்கும் அயலார் குழந்தைகளும் ஓடிவந்து சேர்ந்துகொள்வர். கலையுமுன் குப்பையை நாமே திரட்டி அகற்றுதல் நம் கடமை.

ஒன்று மட்டும் மறவற்க. திருமணத்திற்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது போல, நரேலாவிற்கு நம்மிற் சிலர் நேரிற் சென்று வீடுதோறும் அழைத்தல் வேண்டும். அஞ்சலில் வரும் தாளை நம்பி எவரும் அவ்வளவு தொலைவு வாரார்.