நாஞ்சில் நாட்டில் மூன்று நாட்கள்

அசாமின் திப்ருகரிலிருந்து புறப்படும் விவேக் விரைவு ரயில் 4,100 கிலோமீட்டருக்கும் மேல் ஓடிக் கன்னியாகுமரியில் வந்து நிற்கிறது. வைஷ்ணவதேவி மலையடிவாரமான கத்ராவிலிருந்து வரும் ஹிம்சாகர் விரைவு ரயில் கடக்கும் தொலைவு ஏறத்தாழ 3,800 கிலோமீட்டர். அதற்குமேல் தண்டவாளம் இல்லை, கடல்தான். பாரதத்தின் குறுக்கே இத்தனை தூரம் கடந்து வரும் முதிய யாத்திரிகர்களில் பெரும்பாலோர் இங்கே தங்குவது ஒரு மாலையும் ஒரு காலையுமே. அஸ்தமனம், உதயம், படகு, பாறை, சிப்பிக்கடை, போகும் வழியில் சுசீந்திரத்தில் அரை மணி நேரம். நண்பகலில் பேருந்து திருவனந்தபுரம் நோக்கிப் புறப்பட்டுவிடுகிறது. ராமேசுவரத்திலிருந்து வரும் தமிழ்நாட்டுக் குடும்பங்களின் பயணமும் பெரும்பாலும் இப்படித்தான் அமைகிறது.

இளையவர்கள் மீண்டும் ஒருமுறை வரலாம். எழுபது வயதைக் கடந்தவர்கள் ஒரு தலத்தை ‘அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒத்திவைப்பதில் பொருளில்லை. கையிலிருக்கும் நாட்களும் முழங்காலின் வலிமையும் அளவோடுதான் இருக்கின்றன. அவற்றை எங்கே செலவிடுவது என்பதுதான் கேள்வி. வேறெங்கும் கிடைக்காத தரிசனம் எதுவோ அதற்கு முதலிடம் என்று வைத்துக்கொண்டால், குமரி மாவட்டத்தில் மூன்று நாட்கள் தங்குவது சிறிதும் மிகையன்று.

‘நாஞ்சில்’ என்றால் கலப்பை. தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய இரு வட்டங்களே பழைய நாஞ்சில் நாடு. மேற்கே உள்ள கல்குளமும் விளவங்கோடும் வேணாட்டு மரபைச் சேர்ந்தவை. திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த இந்நிலம் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆயினும் கோயில் வழக்கங்களில் மலைநாட்டு முறை மாறவில்லை. ஆடவர்கள் சட்டையைக் கழற்றிவிட்டே சந்நிதிக்குச் செல்ல வேண்டும். வேட்டியும் மேல்துண்டும் எடுத்துச் செல்வது நலம். அதைவிட முக்கியமானது நடை சாத்தும் நேரம். விடியற்காலையில் திறக்கும் நடை முற்பகலின் இறுதியிலோ நண்பகலிலோ சாத்தப்பட்டால், மாலை ஐந்து மணியை ஒட்டித்தான் மீண்டும் திறக்கும். இதை அறியாமல் பகல் ஒரு மணிக்கு வந்து, பூட்டிய கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பும் முதியோரை இம்மாவட்டத்தில் அடிக்கடி காணலாம். நாட்டின் மறுகோடியிலிருந்து வந்தவர்களுக்கு நேரும்போது அது சிறிய இழப்பன்று.

முதல் நாளின் விடியற்காலை குமரி அம்மனுக்கு உரியது. சூரியோதயம் காணக் கடற்கரையில் கூட்டம் கூடும் வேளையில் கோயிலுக்குள் நெரிசல் குறைவாக இருக்கும். கையில் ஜபமாலை ஏந்தித் தவக்கோலத்தில் நிற்கும் அம்மனின் மூக்குத்தி ஒளி தீபத்தில் சுடர்வதைக் காண ஒரு நிமிட நேரமாவது நிற்க வேண்டும். அந்த ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று எண்ணிக் கப்பல்கள் பாறையில் மோதியதாகவும், அதனாலேயே கிழக்கு வாயில் ஆண்டில் குறிப்பிட்ட சில நாட்களில் மட்டும் திறக்கப்படுவதாகவும் சொல்லப்படுகிறது.

கன்னியால் மட்டுமே பாணாசுரனுக்கு முடிவு என்பது அவன் பெற்ற வரம். சுசீந்திரத்துப் பெருமானோ குமரியை மணக்க நள்ளிரவில் புறப்பட்டார். திருமணம் நடந்தேறினால் அசுரன் அழியமாட்டானே என்று கவலைகொண்ட நாரதர் சேவலாகக் கூவினார். பொழுது புலர்ந்துவிட்டது, முகூர்த்தம் தவறிவிட்டது என்று எண்ணிப் பெருமான் வழியிலேயே திரும்பினார். அந்த இடம் வழுக்கம்பாறை என்று ஊரார் காட்டுவர். சமைக்கப்படாத மணவிழா அரிசியே இன்று குமரிக் கரையில் பல வண்ண மணலாகக் கிடக்கிறது என்பது நம்பிக்கை. கன்னியாகுமரிக்கும் சுசீந்திரத்துக்கும் இடையிலுள்ள 13 கிலோமீட்டர் தூரம் நிறைவுபெறாத அந்த மணமகன் ஊர்வலத்தின் பாதை. ஒன்றைத் தரிசித்து மற்றொன்றை விட்டுவிட்டால் தலபுராணம் பாதியில் நின்றுவிடும்.

விவேகானந்தர் பாறையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1892 டிசம்பரில் சுவாமிஜி தியானத்தில் அமர்ந்த அப்பாறையில் 1970-ல் நினைவு மண்டபம் எழுந்தது. தேவியின் பாதச்சுவடு பதிந்ததாகப் போற்றப்படும் ஸ்ரீபாதபாறையும் அதுவே. யாத்திரிகர்களுக்கு அதுதான் முதன்மை. 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலைக்கு அங்கிருந்தே செல்ல 2024 டிசம்பர் இறுதியில் கண்ணாடிப் பாலமும் திறக்கப்பட்டுள்ளது. காலையின் முதல் படகுகளில் சென்றுவிடுவது நல்லது. விடுமுறை நாட்களில் வரிசை மிக நீளம். கடல் கொந்தளித்துப் படகு நிறுத்தப்பட்டால் அதற்காக மறுநாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கரையிலிருந்தே கைகூப்பிவிட்டு அடுத்த தலத்துக்குச் செல்லலாம்.

மாலையில் சுசீந்திரம். தாணு என்றால் சிவன், மால் திருமால், அயன் பிரம்மா. மூவரும் ஒரே லிங்கத் திருமேனியில் எழுந்தருளியிருப்பதால் தாணுமாலயன். அத்திரி முனிவரின் பத்தினி அனுசூயையின் கற்பைச் சோதிக்க வந்த மும்மூர்த்திகளும் குழந்தைகளாக மாறிய வரலாறும், கௌதமரின் சாபம் நீங்கி இந்திரன் தூய்மை பெற்ற வரலாறும் இத்தலத்துக்கு உரியவை. ‘சுசி’ பெற்ற இந்திரனால் ஊர் சுசீந்திரம் ஆயிற்று. அர்த்தஜாம பூஜையை இன்றும் இந்திரனே செய்கிறான் என்பது ஐதிகம். அதனால் இரவு பூஜை செய்தவர் மறுநாள் காலை நடை திறப்பதில்லை. உள்ளே கண்டதை வெளியே சொல்வதில்லை என்று உறுதி கூறும் மரபும் உண்டு. வழிகாட்டிகள் இசைத்தூண்களுக்கும் 18 அடி ஆஞ்சநேயருக்கும் விரைவாக அழைத்துச் சென்று விடுவார்கள். அவை காணத் தக்கவையே. ஆனாலும் பிராகாரத்தில் விளக்கேந்திய பாவைகளின் வரிசையை மெல்ல நடந்து கடக்காமல் இக்கோயிலைப் பார்த்ததாகச் சொல்ல இயலாது. அரை மணி நேரம் போதாது. இரண்டு மணி நேரம் வேண்டும்.

இரண்டாம் நாள் காலையில் நாகர்கோவில் நாகராஜர். நகருக்கே பெயர் தந்த இப்பெருமானின் கருவறைக்குக் கற்கூரை இல்லை. ஓலைக் கூரைதான், அதையும் ஆண்டுதோறும் புதிதாக வேய்கிறார்கள். ஈரம் கசியும் கருவறை மண்ணே பிரசாதம். எத்தனையோ பொன்வேய்ந்த விமானங்களைத் தரிசித்து வந்தவர்களும் இந்த ஓலைக் கூரையின் முன் சற்று நேரம் பேச்சின்றி நிற்பதுண்டு. தூண்களில் சமண தீர்த்தங்கரர்களின் உருவங்களும் இருக்கின்றன. ஆவணி ஞாயிறுகளில் பால் வார்க்கப் பெருங்கூட்டம் வரும். முதியோர் அந்நாட்களைத் தவிர்க்கலாம்.

அங்கிருந்து சில கிலோமீட்டரில் திருப்பதிசாரம். வைணவ மரபில் திருவண்பரிசாரம். 108 திவ்யதேசங்களுள் ஒன்றான இத்தலத்தை நம்மாழ்வார் ஒரே பாசுரத்தில்தான் பாடியிருக்கிறார். ஆனால் அவருடைய தாயார் உடையநங்கை பிறந்த ஊர் இது. ஆழ்வார் திருநகரிக்குச் சென்று புளியமரத்தடியில் நம்மாழ்வாரைச் சேவித்தவர்கள், அவருடைய தாய்வீட்டுப் பெருமாளான திருவாழ்மார்பனையும் சேவிக்க வேண்டாமா? வயல்களுக்கு நடுவே, அவசரமில்லாத சந்நிதி. சுற்றுலாப் பேருந்துகளின் பட்டியலில் இவ்வூரின் பெயர் அரிதாகவே காணப்படுகிறது.

நடை சாத்தியிருக்கும் பகல் பொழுதுக்கு ஏற்றது தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனை. திங்கட்கிழமை விடுமுறை. 1741-ல் குளச்சலில் டச்சுப் படையை வென்ற மார்த்தாண்ட வர்மர் விரிவாக்கிய இம்மர மாளிகை, தமிழ் மண்ணில் நின்றாலும் கேரள அரசின் பராமரிப்பில் உள்ளது. உள்ளே மரப்படிகள் செங்குத்தானவை. முழங்கால் நோவு உள்ளவர்கள் கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அரண்மனையை ஒட்டி, கம்பர் பூஜித்ததாகப் போற்றப்படும் சரஸ்வதி தேவி எழுந்தருளியிருக்கிறாள். திருவிதாங்கூர் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறிய பின்னும் தேவியின் இருப்பிடம் மாறவில்லை. மாறாக, ஒவ்வொரு நவராத்திரிக்கும் தேவியே பயணம் செய்கிறாள். யானை மீது சரஸ்வதி, பல்லக்கில் சுசீந்திரம் முன்னுதித்த நங்கை, உடன் வேளிமலைக் குமாரசுவாமி. மன்னரின் உடைவாள் கைமாறும் சடங்குக்குப் பின் ஊர்வலம் புறப்பட்டு, குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கித் தலைநகரை அடைகிறது. நவராத்திரி முடிந்ததும் அதே வழியில் திரும்புகிறது. தெய்வங்களே ஒரு நாளில் இருபது மைல்களுக்கு மேல் செல்வதில்லை என்பதைப் பயணத் திட்டம் வகுப்போர் கவனிக்கலாம்.

மூன்றாம் நாளைத் திருவட்டாற்றுக்கு முழுவதுமாக ஒதுக்க வேண்டும். மாவட்டத்தின் மற்ற அனைத்தையும் விட்டுவிட நேர்ந்தாலும் இதை விடலாகாது. கேசன் என்னும் அசுரனை அடக்கி அவன் மேல் பள்ளிகொண்டதால் பெருமாள் ஆதிகேசவர். அவரை மூழ்கடிக்கப் பெருகி வந்த ஆறுகள் வட்டமிட்டு வணங்கி ஓடியதால் ஊர் வட்டாறு. கோதையாறும் பரளியாறும் சூழ்ந்த மேட்டில், மேற்கு நோக்கி, 22 அடி நீளத்தில் பெருமாள் சயனித்திருக்கிறார். சாளக்கிராமங்களைக் கொண்டு கடுசர்க்கரை முறையில் அமைந்த திருமேனியாதலால் மூலவருக்குத் திருமஞ்சனம் கிடையாது. திருமுகம், திருக்கரம், திருவடி என மூன்று வாயில்கள் வழியாகவே தரிசிக்க முடியும். நம்மாழ்வார் இத்தலத்துக்கு முழுப் பதிகமே அருளியிருக்கிறார். 1604-க்குப் பிறகு, 418 ஆண்டுகள் கழித்து, 2022 ஜூலை 6 அன்றுதான் இங்கே மகா கும்பாபிஷேகம் நடைபெற்றது. தலைமுறைகள் பல அதைக் காணாமலே சென்றன. இப்போது செல்பவர்கள் புதுப்பொலிவோடு காணும் பேறு பெற்றவர்கள்.

விட வேண்டியவற்றையும் சொல்ல வேண்டும். மகா சிவராத்திரியில் திருமலை முதல் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவாலயங்களையும் ‘கோவிந்தா, கோபாலா’ என்று முழங்கியபடி நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓடித் தரிசிக்கும் சிவாலய ஓட்டம் இம்மாவட்டத்துக்கே உரியது. முதியோர் வேறொரு நாளில் காரில் சென்று, அவற்றுள் திற்பரப்பையோ திருநந்திக்கரையையோ தரிசித்தால் போதும். சிதறால் மலைக் கோயில் அழகியது; ஏற்றம் கடினம். மண்டைக்காடு பகவதிக்கு மாசிக் கொடை நாட்களில் செல்வது கூட்டத்தைத் தாங்கக்கூடியவர்களுக்கு மட்டும்.

திருவட்டாற்றில் மாலை தீபாராதனை கண்ட பின் கன்னியாகுமரிக்குத் திரும்ப வேண்டியதில்லை. அங்கிருந்து திருவனந்தபுரம் சுமார் 50 கிலோமீட்டர்தான். மறுநாள் காலையில் அனந்தபத்மநாபரையும் மூன்று வாயில்கள் வழியாகவே சேவிக்கலாம். அங்கே நாபியிலிருந்து தாமரை மலர்ந்து பிரம்மாவைத் தாங்கி நிற்கும். முந்தைய மாலை ஆதிகேசவரிடம் அது இல்லாததைக் கவனித்தவர்களுக்கு வேறுபாடு உடனே விளங்கிவிடும்.