பயாஸில் இருக்கிறது, விண்டோஸில் இல்லை

சென்னை ரிச்சி தெருவில் தரைத்தளக் கடைகள் விற்பவர்களுடையவை. சார்ஜர், ஹெட்போன், சிசிடிவி கேமரா என்று வாசல்வரை அடுக்கியிருப்பார்கள். பழுது பார்ப்பவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று உள்ளே திரும்பி, குறுகலான மாடிப்படி ஏற வேண்டும். ரேடியோ உதிரிபாகம் விற்ற காலம் தொட்டு இந்த வட்டாரத்தில் கைவேலைக்காரர்கள் இருக்கிறார்கள். இன்று அவர்களில் பலருக்கு லேப்டாப்தான் சோறு போடுகிறது.

நான் போய் உட்கார்ந்த கடையில் மூன்று மேசைகள். இரண்டில் இளைஞர்கள் மைக்ரோஸ்கோப்பில் கண் பதித்து ‘சிப் லெவல்’ வேலை பார்க்கிறார்கள். மூன்றாவது மேசை கடைக்காரருடையது. பழைய கனத்த மானிட்டர்களைக் கழற்றி மாட்டித் தொழில் கற்றவர். டிவிடி டிரைவ் உள்ள லேப்டாப் வந்தால் பையன்கள் தொடுவதில்லை, “அண்ணே, உங்க கேஸு” என்று அவரிடம் தள்ளிவிடுகிறார்கள்.

செங்கல்பட்டிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் துணிப்பையில் லேப்டாப்பைச் சுமந்துகொண்டு வந்தார். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு மேல் உழைத்த லேப்டாப் அது. ஹார்ட் டிஸ்க் மெதுவாகிவிட்டதென்று உறவுக்காரப் பையன் எஸ்எஸ்டி மாட்டி, விண்டோஸ் 10 போட்டுக் கொடுத்திருக்கிறான். வேகம் வந்துவிட்டது, டிவிடி டிரைவ் காணாமல் போய்விட்டது. ஊரில் காட்டியதற்கு, “டிரைவ் போச்சு, புதுசுதான் போடணும்” என்று சொல்லிவிட்டார்களாம். பைக்குள் மகளின் கல்யாண சிடி மூன்று இருந்தன. படம் எடுத்த ஸ்டூடியோ இப்போது இல்லை.

கடைக்காரர் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவில்லை. கேள்விதான் கேட்டார்.

“ஓஎஸ் எதுல போட்டாங்க சார், சிடியிலயா, பென்டிரைவ்லயா?”

“பென்டிரைவ்ல.”

சிடியில் போட்டிருந்தால் டிரைவ் நன்றாக இருக்கிறது என்பது அங்கேயே தெரிந்திருக்கும். பென்டிரைவ் என்றதால் அடுத்த படிக்குப் போனார். எஜெக்ட் பட்டனை அழுத்தினார். தட்டு வெளியே வந்தது. “கரண்ட் போகுது. டேட்டா போகுதான்னு இன்னும் தெரியாது.” லேப்டாப் டிரைவின் சாட்டா இணைப்பில் மின்சாரத்துக்கு ஆறு முனைகள், டேட்டாவுக்கு ஏழு முனைகள், தனித்தனியாக. தட்டு வருகிறது என்பதற்காக டிரைவ் பேசுகிறது என்று சொல்லிவிட முடியாது. அதேபோல, விண்டோஸில் தெரியவில்லை என்பதற்காகச் செத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது.

லேப்டாப்பை மீண்டும் உயிர்ப்பித்து எஃப்2 தட்டி பயாஸுக்குள் போனார். ஹார்ட் டிஸ்க் வரிக்குக் கீழே டிரைவின் மாடல் எண் பளிச்சென்று நின்றது. விண்டோஸ் எழுவதற்கு முன்பே மதர்போர்டு தன்னோடு இணைந்திருப்பவற்றைக் கணக்கெடுத்துவிடுகிறது. அந்தக் கணக்கில் டிரைவ் இருந்தால் கேபிளும் முனையும் பலகையும் பெரும்பாலும் சரி, கோளாறு சாஃப்ட்வேரில். கணக்கில் இல்லையென்றால் விண்டோஸில் என்ன தேடினாலும் வீண். இந்தத் தொழிலின் முதல் பிரிவினை இதுதான். ஊர்க்கடையில் இந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்காமல்தான் “போச்சு” என்று சொல்லியிருக்கிறார்கள்.

அதோடும் அவர் நிற்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து கீறல் விழுந்த விண்டோஸ் 7 டிவிடி ஒன்றை எடுத்துப் போட்டு, அதிலிருந்து பூட் செய்தார். ஏதாவது ஒரு பட்டனைத் தட்டச் சொல்லும் வரி திரையில் வந்தது. ஆசிரியர் பக்கம் லேப்டாப்பைத் திருப்பி, “பாருங்க சார், படிக்குது” என்றார். டிரைவ் பிழைத்திருக்கிறது என்பதை வாடிக்கையாளர் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவர் நினைக்கிறார். எனக்கு அது மிகப் பெரிய நேர்மையாகப்பட்டது.

பிறகு விண்டோஸுக்குள் டிவைஸ் மேனேஜர். டிவிடி டிரைவின் பெயர் அருகே மஞ்சள் முக்கோணம், திறந்தால் ‘கோடு 39’ என்ற பிழை எண். டிரைவரை ஏற்ற முடியவில்லை என்று அதற்குப் பொருள். இந்த எண்ணைப் பார்த்ததும் இரண்டாவது கேள்வி வந்தது: “ஓஎஸ் போட்டப்புறம் பழைய சாஃப்ட்வேர் ஏதாவது ஏத்தினீங்களா?” ஆசிரியர் யோசித்துச் சொன்னார். பழைய ஃபோல்டரில் இருந்த சிடி எழுதும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தாராம். சரிப்படவில்லை, நீக்கிவிட்டாராம்.

அங்கேதான் முடிச்சு. சிடி எழுதும் மென்பொருள்கள் விண்டோஸுக்கும் டிரைவுக்கும் நடுவே தங்கள் கோப்பு ஒன்றை நிறுத்திவைக்கும். ஃபில்டர் டிரைவர் என்பார்கள். அதன் பெயர் ரிஜிஸ்ட்ரியில் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற இரண்டு இடங்களில் பதிவாகும். மென்பொருளை நீக்கும்போது கோப்பு போய்விடும், பெயர் சில சமயம் தங்கிவிடும். வேலையை விட்டுப்போன காவல்காரரின் பெயர் பதிவேட்டில் இருப்பதால், அவர் வந்தால்தான் கதவைத் திறப்பேன் என்று நிற்கிறது விண்டோஸ்.

பெயரை நீக்க வேண்டியதுதான் வேலை. ஆனால் அந்த இடத்தில் கை நடுங்காமல் இருக்க வேண்டும். ரிஜிஸ்ட்ரியில் ஒவ்வொரு வகைக் கருவிக்கும் நீண்ட எண்ணெழுத்துப் பெயரில் ஒரு கிளை உண்டு. சிடி, டிவிடி டிரைவுகளின் கிளை 4டி36ஈ965 என்று தொடங்கும். ஹார்ட் டிஸ்கின் கிளை 4டி36ஈ967. அதற்குப் பின் வரும் எழுத்துகள் இரண்டிலும் ஒன்றே. 67-க்குள் போய் அப்பர்ஃபில்டர்ஸை அழித்தால் விண்டோஸே எழாது. கடைக்காரர் சுட்டுவிரலைத் திரையில் வைத்துக் கடைசி இலக்கத்தை வாய்விட்டுப் படித்தார். வலப்பக்கம் ‘கிளாஸ்’ என்ற வரியில் சிடிராம் என்று இருக்கிறதா என்று பார்த்தார். அந்தக் கிளையை அப்படியே நகல் எடுத்து டெஸ்க்டாப்பில் வைத்தார். அதன் பிறகே இரண்டு வரிகளையும் அழித்தார். ரீஸ்டார்ட். டிரைவ் வந்து உட்கார்ந்துவிட்டது.

மஞ்சள் முக்கோணமும் இல்லாமல் டிரைவின் பெயரே காணாமல் போகும் கேஸும் உண்டு. அதற்கு ரிஜிஸ்ட்ரியில் அடாபி என்ற பகுதிக்குக் கீழே கன்ட்ரோலர்0 என்று ஒரு கிளை உண்டாக்கி, ஈனம்டிவைஸ்1 என்ற மதிப்பை 1 என்று வைப்பார்கள். ஒரே வரிக் கட்டளையில் முடிகிற வேலை.

ஆசிரியரின் முதல் சிடி ஓடியது. இரண்டாவது பாதியில் திணறியது. கடைக்காரர் தட்டை இழுத்து, பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தொட்டு, லென்ஸின் மேல் பாரம் கொடுக்காமல் ஒரு சுற்றுச் சுற்றினார். குச்சியின் நுனி சாம்பல் நிறமானது. மறுபடி போட்டதும் படித்தது. மூன்றையும் எஸ்எஸ்டியில் நகலெடுத்துக் கொடுத்து, “இன்னொரு காப்பி வெளிய ஒரு ஹார்ட் டிஸ்க்ல போட்டுவைங்க சார்” என்றார். வீட்டில் எழுதும் டிவிடியில் தகவல் நிற்பது ஒரு சாயப் பூச்சில். வெயிலும் வெப்பமும் பட்டால் அது கெடும். நம் வீடுகளில் டிவிக்கு மேலே, ஜன்னல் ஓரம் என்று வைத்திருக்கும் கல்யாண சிடிகளை நினைத்தால் எனக்குப் பதைப்பாக இருக்கிறது.

கூலி 400 ரூபாய் என்றார். ஆசிரியர் மறுபேச்சில்லாமல் கொடுத்தார். எல்லோரும் அப்படி இல்லையாம். “பார்ட்ஸ் மாத்தினா ரெண்டாயிரம்னாலும் கொடுத்துடுறாங்க. ஒண்ணும் மாத்தாம சரி பண்ணா, ‘சும்மா ரெண்டு தட்டு தட்டினதுக்கா?’ன்னு கேக்குறாங்க.” அவர் குரலில் கோபம் இல்லை, எனக்குத்தான் வந்தது. நல்ல டிரைவைச் செத்ததென்று சொல்லிப் புதிதைத் தலையில் கட்டுபவருக்குக் காசும், அதைப் பிழைக்க வைப்பவருக்குப் பேரமும் என்றால், மேசையிலுள்ள அந்த இரண்டு இளைஞர்கள் எதைக் கற்றுக்கொள்வார்கள்? டாக்டர் மருந்து எழுதாவிட்டாலும் ஃபீஸ் கொடுக்கிறோம். பழுதைக் கண்டுபிடிப்பதற்கென்று தனிக் கட்டணம் இந்தக் கடைகளின் போர்டில் எழுதப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து வந்தவர் பெரம்பூரில் எம்பிராய்டரி கடை நடத்தும் பெண். தையல் மெஷினுக்கான டிசைன்கள் அத்தனையும் சிடியில். இவருடையதிலும் எஸ்எஸ்டி மாட்டி விண்டோஸ் மாற்றிய பிறகுதான் டிரைவ் தெரியவில்லை. ஆனால் பயாஸிலும் பெயர் இல்லை. இப்போது ஸ்க்ரூ டிரைவர் வந்தது. லேப்டாப்பின் அடியில் ஒரே ஒரு திருகு, கழற்றினால் டிரைவ் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு வரும். பெட்டியிலிருந்து அதே 12.7 மில்லிமீட்டர் தடிமனுள்ள சோதனை டிரைவைச் சொருகினார். பயாஸில் பெயர் வந்தது. ஆக, மதர்போர்டு சரி, டிரைவ்தான் கெட்டிருக்கிறது.

அதைத் திறந்து காட்டினார். லேப்டாப் டிரைவில் மோட்டாரும் லேசரும் தட்டோடு சேர்ந்து வெளியே வரும். அவற்றைப் பின்பக்கப் பலகையோடு இணைப்பது காகிதம் போன்ற ஒரு பட்டை கேபிள். தட்டு போய்வரும் ஒவ்வொரு முறையும் அது மடங்கி நிமிர்கிறது. மடிப்பில் தாமிரக் கோடுகள் இரண்டு விட்டுப்போயிருந்தன. விண்டோஸ் மாற்றியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஓஎஸ் போட்ட பையனைத் திட்டிக்கொண்டே வந்த அந்தப் பெண், குனிந்து அந்த மடிப்பைப் பார்த்தார்.

“இதுக்கு என்ன பண்ணலாம் அண்ணா?”

“பழைய டிரைவ் ஒண்ணு இருக்கு அக்கா, போட்டுத் தரேன். இல்லைன்னா அந்த இடத்துல ‘கேடி’ன்னு ஒரு சட்டம் வச்சு, அதுல உங்க பழைய ஹார்ட் டிஸ்கை மாட்டிடலாம். யூஎஸ்பி டிரைவ் ஒண்ணு வாங்கிக்கிட்டீங்கன்னா சிடியை வெளியிலயே படிக்கலாம்.”

டிசைன் சிடிகளை ஒருமுறை நகலெடுத்துவிட்டால் பிறகு டிரைவே தேவையில்லை என்பதையும் சொன்னார். அந்தப் பெண் கேடியும் யூஎஸ்பி டிரைவும் போதுமென்றார். கீழே கடையிலிருந்து அவற்றை வாங்கிவர ஒரு பையன் படியிறங்கிப் போனான்.