ஒட்டும் பாடபேதமும்

தமிழ் பயிற்றுவிப்பவனுக்கு நிரலோடு என்ன வேலை என்று நண்பர்கள் வினவக்கூடும். அந்த வேலை அகராதி வழியாக வந்தது.

கட்டற்ற அகராதி மென்பொருள் ஒன்றைச் சில ஆண்டுகளாக வகுப்பில் பயன்படுத்தி வருகிறேன். அதில் 'மனம், மரம், மலர்' என்று சொற்கள் அடுக்கப்பட்டிருந்தன. மரபின்படி 'மரம், மலர், மனம்' என்றல்லவா நிற்க வேண்டும்? ஒருங்குறி அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்து, பகரத்துக்கு முன்னரே அமர்ந்திருக்கிறது. நம் நெடுங்கணக்கிலோ அதுவே இறுதி மெய். எழுத்தின் எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் நிரல் வேறென்ன செய்யும்?

பிழையைச் சுட்டி எழுதினேன். "நீங்களே திருத்தி அனுப்புங்களேன்" என்று விடை வந்தது. முன்னாள் மாணவர் ஒருவர் இரண்டு மாலைகள் அருகிலிருந்து கற்பித்தார். மூலநிரலைக் கிட் என்னும் கருவியால் படியெடுக்க வேண்டும்; தனிக் கிளையில் திருத்த வேண்டும்; திருத்தத்தை மட்டும் பிரித்து ஒட்டாக்கி அனுப்ப வேண்டும்.

அந்த ஒட்டைக் கண்டு வியந்தேன். நீக்கிய வரி கழித்தல் குறியோடும், சேர்த்த வரி கூட்டல் குறியோடும் நிற்கின்றன. இடம் விளங்குவதற்காக மேலும் கீழும் மாறாத மும்மூன்று வரிகள். தலைப்பில் திருத்தியவர் பெயர், நாள், காரணம். இத்தகைய கோப்பைக் கொண்டு மூலத்தைத் திருத்தும் 'பேட்ச்' நிரலை லாரி வால் 1985இல் எழுதினார்; லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய கிட்டும் ஒட்டுகளை ஏற்கிறது. பழைய பாடத்தை மறைக்காமல் அடிக்குறிப்பில் பாடபேதம் காட்டும் பதிப்பாசிரியரின் நேர்மையே இது என்று தோன்றியது.

நிற்க. என் முதல் ஒட்டு திரும்பி வந்தது. வரிசைமுறையோடு, கண்ணை உறுத்திய சந்திப்பிழைகளையும் அதிலேயே திருத்தியிருந்தேன். ஓர் ஒட்டில் ஒரு மாற்றந்தான் இருக்கலாம். அப்போதுதான் பின்னாளில் தவறெனத் தெரிந்ததை மட்டும் விலக்க இயலும். இது புரிந்தது.

அடுத்த குறைதான் சுட்டது. "உங்கள் ஒட்டை இட்டபின் 'ஜன்னல்' என்ற சொல்லைக் காணவில்லை." உயிர் பன்னிரண்டு, ஆய்தம், மெய் பதினெட்டு என்று மட்டுமே நான் அட்டவணை அமைத்திருந்தேன். அதில் முதலெழுத்து இல்லாத சொற்களை நிரல் எங்கும் வைக்காமல் விட்டுவிட்டது. கிரந்த எழுத்துகளை மறந்துவிட்டேன் என்று விடையெழுதத் தொடங்கினேன். அது பொய். மறக்கவில்லை, அவற்றை விரும்பவில்லை. என் விருப்பம் பிறருடைய சொல்லை அழித்திருந்தது.

மூன்றாம் நாள், கிரந்த எழுத்துகளை னகரத்துக்குப் பின் நிறுத்தினேன். சந்தித் திருத்தங்களைத் தனி ஒட்டாகப் பிரித்தேன். மாற்றங்களுக்குப் பின் இயக்கிப் பார்க்கும் சோதனைப் பட்டியலில் 'ஜன்னல்' என்ற சொல்லையே சேர்த்து அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

இருபதாண்டுகளாக விடைத்தாள்களில், அடித்த சொல்லைப் படிக்க இயலாதபடி சிவப்பு மையால் அடித்திருக்கிறேன், காரணம் எழுதியதில்லை. இப்பருவத்தில் ஒற்றைக் கோடு மட்டும் இட்டு, ஓரத்தில் காரணம் எழுதுகிறேன். கட்டு ஒன்றுக்கு இருமடங்கு நேரம் ஆகிறது. சென்ற வாரம் மாணவி ஒருத்தி தாளோடு வந்து, "ஐயா, நீங்கள் எழுதிய காரணம் இங்கே பொருந்தவில்லை" என்றாள். பார்த்தேன். அவள் எழுதியதே சரி.