சோதனை வேளையில்

சோதனை எப்பொழுதும் பயங்கர வேடம் பூண்டு வருவதன்று; பெரும்பாலும் நம் தேவையின் வேடத்திலேயே வருகின்றது. இதனை யான் முத்தியால்பேட்டையிற் கற்றேன்.

நெசவுக்குப் பெயர்பெற்ற அப்பேட்டையில் என் தாய்மாமன் சேலை வியாபாரம் செய்துவந்தார். கல்லூரி விடுமுறையொன்றில் கணக்கெழுதும் வேலையை என்னிடம் ஒப்புவித்தார். ஒருநாள் மாலை, பாக்கி செலுத்த வந்த வியாபாரியொருவர் 500 ரூபாய் மிகுதியாக வைத்துச் சென்றார். அவரும் அறியார், மாமனும் அறியார். பரீட்சைக் கட்டணத்துக்கோ எனக்கு அத்தொகையே குறைந்திருந்தது. “தேவனே அனுப்பினார்” என்றது என் மனம்.

அப்பொழுது, இளமையிற் பாட்டியார் மனனஞ் செய்வித்த மத்தேயு 4-ஆம் அதிகாரம் நினைவில் எழுந்தது. 40 நாள் உபவாசித்துப் பசித்திருந்த ஆண்டவரிடம் சாத்தான் முதலில் அப்பத்தைப்பற்றியே பேசினான். பின்னர்ச் சங்கீதத்தையும் எடுத்துக்காட்டினான். ஆண்டவரோ மும்முறையும் உபாகமத்தின் வார்த்தைகளாலேயே அவனை வென்றார். என் மனம் உரைத்த பக்தி மொழியும் சாத்தான் காட்டிய வேதவாக்கியம் போன்றதே எனக் கண்டு நடுங்கினேன். போத்திபார் வீட்டினின்று யோசேப்பு ஓடினான்; யானும் எழுந்தோடி, வியாபாரியைத் தெருமுனையிற் கண்டு பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

மாமனிடம் கடன் கேட்க அதுவரை நாணியிருந்தேன், அன்றிரவு கேட்டேன், மகிழ்ந்து கொடுத்தார். சோதனையினின்று தப்பும் வழியையும் தேவன் உண்டாக்குவார் என்று பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு எழுதினாரன்றோ? என் வரையில், அவ்வழி நாணத்தை விடுதலே.

நண்பர்காள்! சாத்தான் சிலகாலமே ஆண்டவரை விட்டு விலகினான் என்கிறார் லூக்கா. நம்மிடமும் மீள வருவான். அதற்கு முன்னரே வசனத்தை இருதயத்திற் சேர்த்து வைப்போமாக.