நான் எழுதிக் கொடுக்காத காணி

விசுவமடுவில் செத்தல் மிளகாய் விற்ற காசில் தலையெடுத்தவன் நான். அந்தக் காசு யாருடைய கையால் வந்தது என்பது எனக்கு அன்றே தெரியும். தெரிந்துகொண்டே அரை நூற்றாண்டு மறைத்தேன். வாசிகசாலையிலும் கலியாணப் பந்தலிலும், சோசலிசமா முதலாளித்துவமா என்று விடிய விடிய வாதாடியிருக்கிறேன். என் காணியின் மூலையில் கொட்டில் போட்டுக் கிடந்த குடும்பத்தைப் பற்றி எங்கும் வாய் திறந்ததில்லை.

யாழ்ப்பாணத்தில் படித்துவிட்டு வேலையில்லாமல் நின்ற பொடியன்களுக்கு வன்னியில் காணி கொடுக்கும் படித்த வாலிபர் திட்டம் பிரதமர் டட்லி சேனநாயக்கவின் காலத்தில் வந்தது. விசுவமடு, முத்தையன்கட்டு என்று காடு வெட்டி இறங்கினோம். எனக்கு மூன்று ஏக்கர். 1970இல் சிறிமாவோவின் கூட்டரசு வந்தது, நிதி அமைச்சர் என்.எம். பெரேரா. அந்நியச் செலாவணி இல்லையென்று மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியை நிறுத்தினார்கள். எங்கள் செத்தலுக்கு நாங்கள் கனவிலும் காணாத விலை வந்தது. கொழும்பு லொறிகள் தோட்டத்து வாசலில் வந்து நின்றன. மண் வீட்டில் இருந்தவன் கல்வீடு கட்டினான். உழவு இயந்திரம் வாங்கினான். தங்கைமாருக்குச் சீதனம் கொடுத்துக் கரையேற்றினான். அரசு சந்தைக்கு வேலி போட்டால் உள்ளூர் விவசாயி நிமிர்வான் என்பதற்கு நானே சாட்சி. அதை இன்றும் மறுக்க மாட்டேன்.

ஆனால் அதே ஆட்சியில் மலையகம் பட்டினி கிடந்தது. 1973, 74இல் உலகச் சந்தையில் எண்ணெயும் தானியமும் விலையேறின. பங்கீட்டு அரிசியும் மாவும் குறைந்தன. வீட்டுத் தோட்டம் போடக்கூட ஒரு முழ நிலம் சொந்தமில்லாத தேயிலைத் தோட்ட லயத்துச் சனம்தான் அதில் முதலில் விழுந்தது. தோட்டங்களில் பசியால் செத்தார்கள். 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாரின் தோட்டங்களையும், 1975இன் திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமை ஆக்கின. நான் கைதட்டினேன். வெள்ளைக்காரன் கம்பனியின் காணி மக்களுக்கு வந்துவிட்டது என்று வாசிகசாலையில் பேசினேன். அந்த மண்ணில் தலைமுறைகளாகக் கொழுந்து பறித்தவர்களில் பலர், அரசுடைமைக்குப் பிறகு விரட்டப்பட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வந்து இறங்கியதை அந்தப் பேச்சில் சேர்க்கவில்லை. இறங்கியவர்களில் ஒரு குடும்பத்தை என் காணிக்கு அழைத்து வந்தவன் நானேதான்.

எனக்கு நல்ல விலை கொடுத்த ஆட்சிதான் மலிவான கூலியாளையும் என் படலையில் கொண்டுவந்து விட்டது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்திருந்தால் நான் பேசிய சோசலிசம் அன்றைக்கே கலங்கியிருக்கும். சேர்த்துப் பார்க்க எனக்கு மனமில்லை.

ஊர்ச் சனத்துக்குக் கொடுத்த கூலியைவிடக் குறைவாகத்தான் அவர்களுக்குக் கொடுத்தேன். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டவர்கள், காணிக் கச்சேரியில் பேர் கொடுக்க வழியில்லாதவர்கள், வேறு எங்கே போவார்கள் என்ற துணிவு எனக்கு. மிளகாய்ப் பழம் ஆய்ந்த பெண்களின் கை இரவில் எரியும். தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு கொட்டிலுக்கு வெளியே குந்தியிருப்பார்கள். பிள்ளைகளும் ஆய்ந்தார்கள். பள்ளிக்கூடம் போங்கள் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. அறுவடை நாளில் அந்தச் சின்னக் கைகள் எனக்கும் தேவைப்பட்டன.

1976 மே மாதம் வட்டுக்கோட்டையில் தமிழர் விடுதலைக் கூட்டணி தீர்மானம் நிறைவேற்றியது. அது கேட்டது வெறும் தனிநாட்டை மட்டுமல்ல, மதச்சார்பற்ற சோசலிசத் தமிழீழத்தை. மனிதனை மனிதன் சுரண்டக் கூடாது, ஒரு குடும்பம் சேர்க்கும் சொத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. அதை வாசித்துப் புல்லரித்தவன் நான். தோட்டத்துக் கூலி மட்டும் அப்படியே இருந்தது.

அடுத்த வருடம் ஜே.ஆர். ஜெயவர்த்தன ஆட்சிக்கு வந்தார், சந்தையைத் திறந்துவிட்டார். வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வந்து குவிய எங்கள் விலை சரிந்தது. திறந்த பொருளாதாரம் வடக்கு விவசாயியின் முதுகெலும்பை முறித்தது என்று அன்று முதல் சொல்லி வருகிறேன். அதில் உண்மை உண்டு. சொல்லாமல் விட்டது இதுதான்: விலை விழுந்த நட்டத்தை நான் முதலில் இறக்கி வைத்தது கொட்டில் குடும்பத்தின் கூலியில். விலை ஏறியபோது ஏற்றாத கூலியை, இறங்கியபோது உடனே இறக்கினேன். மூடிய சந்தையும் திறந்த சந்தையும் எனக்கு இரண்டு வேறு காலங்கள். அவர்களுக்கு இரண்டிலும் வாய்த்த முதலாளி நான் ஒருவன்தான்.

தமிழருக்கு எதிரான 77ஆம் ஆண்டுக் கலவரம் இன்னும் பல ஆயிரம் மலையகத் தமிழரை வன்னிக்குத் துரத்தியது. வவுனியாவில் காந்தியம் இயக்கத்தை நடத்திய டேவிட் ஐயாவும் டொக்டர் இராஜசுந்தரமும் அவர்களைக் காணியில் குடியேற்றி, கிணறு வெட்டி, பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார்கள். பெரிய தத்துவம் பேசிக்கொண்டு செய்யவில்லை. இராஜசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அவர்கள் உழைத்த அதே நாட்களில் என் கொட்டில்காரப் பெரியவர் ஒருநாள் வரம்பில் வந்து நின்று கேட்டார்.

"ஐயா, குந்தியிருக்கிற துண்டையாச்சும் எங்க பேருக்கு எழுதிக் குடுங்கையா."

"பாப்பம்" என்றேன். பிறகு அவர் கேட்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

வழி தெரியாமல் விட்டேன் என்றும் சொல்ல முடியாது. கேரளத்தில் 1970 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம், பிறர் காணியில் குடிசை போட்டிருந்தவர்களுக்குக் குடியிருந்த மண்ணிலேயே உரிமை கொடுத்தது, கிராமத்தில் பத்து சென்ட் வரை. அதைப் பற்றி வாசிகசாலையில் நானே விளக்கம் கொடுத்திருக்கிறேன். கம்யூனிசத்தை எதிர்த்து நின்ற தாய்வான்கூட 1953இல் உழுதவனுக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டுத்தான் தொழிற்சாலைப் பக்கம் திரும்பியது. சிவப்புக் கொடி பிடித்தவர்களும் அதை எதிர்த்தவர்களும் செய்து காட்டியதை, மூன்று ஏக்கர் வைத்திருந்த நான் செய்யவில்லை. எந்த முறை சிறந்தது என்ற விவாதம் எனக்கு வசதியான ஒளிவிடமாக இருந்தது. உலகம் முழுவதுக்கும் நியாயம் பேசி முடித்தால் என் வேலிக்குள் பார்க்க வேண்டி வராது.

யுத்தம் முற்றியபோது நான் குடும்பத்தோடு வெளியேறினேன். கொட்டிலில் இருந்தவர்கள் காணியைக் காத்துக்கொண்டு நின்றார்கள். 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போய், மனிக் பாம் முகாமில் கிடந்து, திரும்பி வந்ததும் அந்த மூலைக்குத்தான். பெரியவர் வரவில்லை. அவருடைய மகள் வந்தாள்.

இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் கொடுத்தார்கள். காணிப் பத்திரம் கேட்டார்கள். யுத்தம் முடிந்து திரும்பியிருந்த என்னிடம்தான் பத்திரம் இருந்தது. வீடு எனக்கு வந்தது. அந்த மண்ணுக்கே திரும்பி வந்த மகளுக்குத் தகரக் கொட்டில். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை என்று எழுதினால் அது பொய். நன்றாகத் தூங்கினேன். உறுத்தல் வந்தது பிறகு, அவளுடைய பேரப்பிள்ளை மழையில் நனைந்த கொப்பியை என் விறாந்தையில் காயப்போட்டபோது.

அந்த மூலையைப் பெரியவரின் மகளின் பேருக்கு மாற்ற இப்போது விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். அனுமதிப்பத்திரக் காணியை நினைத்தபடி பிரிக்க முடியாது, பிரதேச செயலரின் சம்மதம் வேண்டும். பெரியவர் கேட்ட அன்றே நான் தேடியிருக்க வேண்டிய சம்மதம் அது. கிடைத்தாலும் பெரியவருக்கு நான் செய்த துரோகம் தீராது.

கிளிநொச்சியின் சாந்தபுரத்திலும் மலையாளபுரத்திலும் பாரதிபுரத்திலும் இப்படிப்பட்ட குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. யாழ்ப்பாணத்திலும் கனடாவிலும் இலண்டனிலும் இருந்துகொண்டு வன்னிக் காணியின் பத்திரத்தை அலுமாரியில் வைத்திருக்கும் என் வயதுக்காரரைக் கேட்கிறேன்: உங்கள் காணியில் குடியிருப்பவர் யார் என்று பாருங்கள். கையெழுத்துப் போடக் கை நடுங்காத காலத்திலேயே அவர்களின் பேருக்கு எழுதிக் கொடுங்கள்.